பச்சைப் போர்வையில் ஒரு பறிப்பு

ஓர் இனத்தின் நிலத்தைப் பறிக்க வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. காலத்துக்கு ஏற்ற ஒரு சொல்லை ஏந்திக் கொண்டுதான் வருகிறான். முன்பு வந்தவன் மறைநூலை ஏந்தி வந்தான். பின்பு வந்தவன் 'உங்களைத் திருத்துகிறோம்' என்றான். அவனுக்குப் பின் வந்தவன் 'வளர்ச்சி' என்றான். இன்று வருகிறவன் உச்சரிக்கும் சொல் 'பசுமை'. உலகம் வெந்து கொண்டிருக்கிறது, அதைக் காப்பதற்காகவே உன் மலை வேண்டும் என்கிறான். கொடுக்க மறுப்பவன் உலகப் பகைவன் ஆகிவிடுகிறான்! இதைவிடக் கூர்மையான படைக்கலம் முன்பு வந்த எவன் கையிலும் இருந்ததில்லை.

இப்படைக்கலம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காண விரும்புவோர் நார்வே நாட்டின் போசன் பகுதியைப் பார்க்கட்டும். மாந்த உரிமைக்கு இலக்கணம் வகுத்த நாடு என்று தன்னைத்தானே மெச்சிக் கொள்ளும் நாடு அது. அங்கே நடந்ததைக் கண்டால் மற்ற நாடுகளில் நடப்பதைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

நார்வேயின் நடுப்பகுதியில், திராண்டெய்ம் நகருக்கு எதிர்க்கரையில், கடல் சூழ நீண்டு கிடக்கும் நிலம் போசன். அங்கே உரோவான், சுதூரெய்யா என்னும் இரண்டு மலைப்பரப்புகளின் மீது 151 காற்றாலைகள் நிற்கின்றன. உரோவானில் 71, சுதூரெய்யாவில் 80. இவற்றுக்கு அளிக்கப்பட்ட உரிமம் செல்லாது என்று அந்நாட்டின் உச்ச அறமன்றம் 2021 அக்குதோபர் 11 ஆம் நாள் தீர்ப்புக் கூறியது. நடுவர்கள் பதினொருவர், பதினொருவரும் ஒருமுகமாகக் கூறினர். தீர்ப்பு வந்த மறுநாளும் காற்றாலைகள் சுழன்றன. அடுத்த ஆண்டும் சுழன்றன. ஒன்றுகூடக் கழற்றப்படவில்லை.

யாருடைய வழக்கு அது? அந்த மலைகளில் பனிமான் மேய்க்கும் சாமியர் என்னும் தொல்குடியினரின் வழக்கு. (பெயரைக் கண்டு மயங்க வேண்டா. தமிழில் வழங்கும் 'சாமி'க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அம்மக்கள் தம்மைத் தாமே அழைத்துக் கொள்ளும் பெயர் இது. அவர்களை அடக்கி ஆண்டவர்கள் இட்ட பெயர் 'இலாப்பர்' என்பது; அதை அவர்கள் இழிசொல்லாகவே கொள்கின்றனர். ஒடுக்கப்பட்டவனுக்குப் பெயரைக்கூட ஒடுக்குபவனே சூட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கந்தான்.) நார்வே, சுவீடன், பின்லாந்து, உருசியா என்று இன்றைக்கு நான்காகக் கூறு போடப்பட்டுள்ள வடபுலத்தில், அக்கூறுகளின் எல்லைக்கோடுகள் வரையப்படுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வருபவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனியரசு இல்லை, படை இல்லை, கொடி உண்டு, மொழி உண்டு, மந்தை உண்டு.

மொழியும் ஒன்றன்று. சாமி மொழிகள் பல கிளைகளாகப் பிரிந்தவை. போசன் மக்களின் மொழி தென்சாமி. அதைப் பேசுவோர் இன்று ஏறத்தாழ ஐந்நூற்றுவர் என்று கணக்கிடுகின்றனர். ஐந்நூற்றுவர்! தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரின் ஒரு தெருவில் வாழ்வோர் தொகை அது. இந்த மொழி எங்கே உயிர் வாழ்கிறது? பல்கலைக்கழகத்திலா, நூலகத்திலா? அம்மொழி நாள்தோறும் இயல்பாகப் புழங்குகிற தொழிற்களம் பனிமான் மேய்ச்சலே. மானின் அகவைக்கு ஒரு சொல், பாலுக்கு ஒரு சொல், நிறத்துக்கு ஒரு சொல், கொம்பின் அமைப்புக்கு ஒரு சொல். பனி தூளாகக் கிடந்தால் ஒன்று, பாளமாக இறுகினால் வேறொன்று. காதில் இடும் வெட்டுக்குறியைக் கொண்டு எந்த மான் எவருடையது என்று தொலைவிலிருந்தே சொல்லும் அறிவு, அச்சொற்களோடு பின்னிக் கிடக்கிறது. மந்தை அழிந்தால் அச்சொற்கள் அகரமுதலியில் இருக்கும், வாயில் இரா. தன் மொழியின் சொற்கள் வாயிலிருந்து ஏட்டுக்கும் ஏட்டிலிருந்து மறதிக்கும் போவதைக் கண்ட எந்த இனத்தவர்க்கும் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, காற்றாலைக்காரனின் கண் ஏன் அந்த மலைகள் மீது விழுந்தது என்பதை அறிதல் வேண்டும். குளிர்காலத்தில் பனிமான் உண்பது தரையிலும் பாறையிலும் படரும் ஒருவகைப் பாசியை. பனி ஆழமாக மூடிய இடத்திலும், உருகி மீண்டும் உறைந்து பனிப்பாளம் ஆகிவிட்ட இடத்திலும் மான் குளம்பால் கிளறி அப்பாசியை எட்ட முடியாது. ஆனால் கடலை ஒட்டிய திறந்த குன்றுகளில் கடுங்காற்று பனியை வாரிக் கொண்டு போய்விடும். அங்கே பாசி வெளித்தோன்றும். கொடிய குளிர்காலத்தில் மந்தையைச் சாவினின்று காப்பவை இத்தகைய குன்றுகளே. ஆகவே, காற்று ஓயாது வீசுகின்ற இடமே மானுக்குச் சோறு. காற்று ஓயாது வீசுகின்ற அதே இடந்தான் மின்னாலை முதலாளிக்கு ஊதியம். 'எங்கேனும் ஓர் ஓரத்தில் ஆலை இருந்துவிட்டுப் போகட்டுமே, மான் மற்றோர் ஓரத்தில் மேயாதா?' என்று நகரத்து அறிவாளி கேட்கிறான். மேயாது. சுழலும் அலகுகளையும் அவற்றின் இரைச்சலையும், மலையை வெட்டிப் போட்ட பாதைகளையும் மான் அண்டுவதில்லை, விலகி ஓடும். ஆலை பிடித்த இடம் சிறிது. மான் இழக்கும் இடம் பெரிது.

இதை மேய்ப்பர்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். 2010 இல் உரிமம் வழங்கப்பட்ட போது எதிர்த்தார்கள். எதிர்ப்பை 2013 இல் அமைச்சகம் தள்ளிற்று. கட்டுமானம் 2016 இல் தொடங்கிற்று. இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழுவிடம் முறையிட்டார்கள். வழக்கு முடியும்வரை வேலையை நிறுத்தி வைக்குமாறு அக்குழு 2018 திசம்பரில் நார்வே அரசைக் கேட்டுக் கொண்டது. உலகுக்கெல்லாம் மாந்த உரிமை பற்றிப் பாடம் நடத்தும் நார்வே என்ன செய்தது? கேட்கவில்லை. உரோவான் 2019 இலும் சுதூரெய்யா 2020 இலும் மின்னாற்றல் ஈனத் தொடங்கின. அறமன்றத்தின் தீர்ப்பு வருமுன் தூண்களை நாட்டி முடித்துவிட்டால், பிறகு 'இத்தனை கோடி கொட்டியதை இடிப்பதா?' என்று கேட்கலாம் அல்லவா? அந்த விரைவுக்கு வேறு கரணியம் இருப்பதாகத் தெரியவில்லை.

இடையில் நடந்த ஒரு கூத்தைக் குறிப்பிடாமல் விடலாகாது. மேல்முறையீட்டு மன்றம் 2020 இல் மேய்ப்பர்களுக்கு ஏறத்தாழ 9 கோடி குரோனர் இழப்பீடு தர ஆணையிட்டது. எதற்காக? மானைப் பட்டியில் அடைத்துத் தீனி வாங்கிப் போடுவதற்காக! மலை போனால் என்ன, மூட்டையில் தீனி வரும் என்பது அந்தத் தீர்ப்பின் உட்கிடை. மலைமேல் திரியும் மானையும் அதன்பின் திரியும் மாந்தனையும் தொழுவத்துப் பசுவும் பால்காரனும் ஆக்கிவிட்டு, 'உங்கள் வாழ்க்கைக்கு ஊறு ஏதும் இல்லையே' என்று கேட்பது எத்தகைய அறம்? உச்ச அறமன்றம் இதை ஏற்கவில்லை. பட்டியில் அடைத்துத் தீனியிடுவது மரபுவழி மேய்ச்சலினின்று முற்றும் வேறுபட்டது. அதைக் கொண்டு பண்பாட்டுரிமைக்கு ஊறு நேரவில்லை என்று கொள்ள முடியாது என்றது.

அத்தீர்ப்பின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. உலகில் சிறுபான்மையாக வாழும் ஒவ்வோர் இனமும் அதைக் கருத்தில் இருத்த வேண்டும். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27 ஆம் பிரிவு, சிறுபான்மை இனத்தவர்க்குத் தம் பண்பாட்டைத் துய்க்கவும் தம் மொழியைப் பயன்படுத்தவும் உள்ள உரிமையை மறுக்கலாகாது என்கிறது. 'ஒருசில குடும்பங்களின் மேய்ச்சல் ஒரு பக்கம். நாடு முழுமைக்கும் மின்னாற்றல் மறுபக்கம். தட்டில் வைத்து நிறுத்துப் பாருங்கள்' என்பதே எதிர்த்தரப்பின் வழக்குரை. அறமன்றம் அந்தத் தட்டையே ஏற்க மறுத்தது. இவ்வுரிமை பெரும்பான்மையின் நலத்தோடு நிறுத்துப் பார்க்கும் பண்டமன்று என்றது. பெரும்பான்மைக்கு எதிராகச் சிறுபான்மையைக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரிவை, பெரும்பான்மையின் எடையைக் கொண்டு நிறுத்தால் அப்பிரிவு எதற்கு? தூய்மையான மின்னாற்றல் வேண்டும் என்பதையும் அறமன்றம் மறுக்கவில்லை. அதற்கு மேய்ப்பர்களை இந்த அளவு பாதிக்காத வேறு வழிகள் இருந்தன என்பதையே சுட்டிற்று.

இவ்வளவு தெளிவான தீர்ப்பை வைத்துக்கொண்டு அரசு என்ன செய்தது? 'உரிமம் செல்லாது என்றுதான் அறமன்றம் கூறியது. ஆலையை இடி என்று கூறவில்லையே' என்றது. புதிய ஆய்வு வேண்டும் என்றது. ஆய்வு நடந்து கொண்டேயிருந்தது. ஆலையும் ஓடிக் கொண்டேயிருந்தது. திருடிய பொருள் திருட்டுப் பொருளே என்று தீர்ப்பான பிறகு, அதைத் திருப்பித் தருவது பற்றி ஆராயக் குழு அமைத்து, அக்குழு ஆராயும் வரை திருடனே அதைப் பயன்படுத்தி வந்தால் எப்படியோ அப்படி!

ஐந்நூறு நாள் ஆயிற்று. 2023 பிப்ரவரி 23 ஆம் நாள் சாமி இளைஞர்கள் ஓசுலோ நகரில் எண்ணெய், ஆற்றல் அமைச்சகத்தின் முன்கூடத்தில் போய் அமர்ந்தார்கள். தம் மரபுடை உடுத்தி, யோய்க்கு என்னும் தம் இனப்பாடலைப் பாடினார்கள். சமயம் பரப்ப வந்தோர் முன்னொரு காலத்தில் பேய்ப்பாட்டு என்று பழித்த பாடல் அது. நான்காம் நாள் இரவில் காவலர் வந்து அவர்களைத் தூக்கிச் சென்றனர். அவர்கள் விடவில்லை, வேறு அமைச்சகங்களின் வாயில்களை மறித்தனர். அவர்களுக்குப் பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதையே உலகம் கவனித்திருக்க வேண்டும். 'இயற்கையும் இளமையும்' என்னும் நார்வே இளைஞர் இயக்கத்தார் அமர்ந்திருந்தார்கள். சுவீடனிலிருந்து கிரேட்டா துன்பெர்க்கு வந்து அமர்ந்தார். அவரையும் காவலர் தூக்கிச் சென்றனர். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எதிராகப் பள்ளிப் பருவத்திலிருந்து போராடி வருகின்றவர்கள் இவர்கள். இவர்களைக் காட்டிலும் பசுமையில் அக்கறை உள்ளவர் அந்த அமைச்சகத்தில் யார் இருந்தார்? ஆகவே 'காற்றாலையை எதிர்ப்பவன் உலகு வெப்பமாவதை விரும்புகிறவன்' என்ற பொய் அந்த வாயிலிலேயே உடைந்தது. அவர்கள் எதிர்த்தது காற்றாலையை அன்று. இசைவு கேளாமல் அதை நட்ட கையை.

அந்தக் கை எவ்வளவு தூய்மையானது என்பதையும் பார்த்துவிட வேண்டும். நார்வேயின் மின்னாற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அருவிகளினின்றும் அணைகளினின்றும் கிடைப்பது. நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறும் நாடன்று அது. மறுபுறம், 1970களின் தொடக்கம் முதல் வடகடலில் எண்ணெய் எடுத்து விற்று, உலகிலேயே மிகப்பெரிய அரசுச் செல்வத் திரளை அது சேர்த்து வைத்திருக்கிறது. உலகுக்குப் புகையை ஏற்றுமதி செய்த காசு அது. போசன் காற்றாலைகளை எழுப்பிய கூட்டு நிறுவனத்தில் பெரும்பங்கு யாருடையது? அரசுக்கே முழுதும் உரிய இசுடாட்கிராப்டு என்னும் மின்குழுமத்தினுடையது. சுவிட்சர்லாந்து நாட்டு முதலீட்டாளர்களும் அதில் பங்கு கொண்டிருந்தார்கள். உரோவானில் பின்னர்ப் பெரும்பங்கை வாங்கிக் கொண்டது செருமனியின் மியூனிக்கு நகர மின்குழுமம். உரிமம் கொடுப்பவன் அரசு. ஊதியம் எடுப்பவன் அரசு. முறையீட்டைத் தள்ளுபவனும் அரசு. தவறு என்று தீர்ப்பான பிறகு திருத்துவதற்கு ஆய்வு செய்பவனும் அதே அரசு! மியூனிக்கு நகரத்தான் தன் விளக்கு பசுமையாக எரிகிறது என்று நிறைவு கொள்ள, தென்சாமி பேசும் மேய்ப்பனின் மந்தை மலையை விட்டு ஓட வேண்டும்.

வடக்கே இன்னும் ஒரு வேடிக்கை. பின்மார்க்கு மாநிலத்தில், மெல்கோயா என்னும் தீவில், கடலடி வளியை நீர்மமாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலை இருக்கிறது. அந்த ஆலை தன் சொந்த வளியை எரித்துப் புகைவிடாமல், கரையிலிருந்து மின்னாற்றல் பெற்று இயங்குவதற்கு அரசு 2023 ஆகத்தில் ஒப்புதல் அளித்தது. அம்மின்னாற்றலுக்கு ஈடு செய்யப் பின்மார்க்கில் காற்றாலைகளும் மின்தொடர்களும் வேண்டுமாம். பின்மார்க்கு சாமியரின் மேய்ச்சல் நிலம். அதாவது, மான் மேயும் மலையில் காற்றாலை நட்டு, அதன் ஆற்றலைக் கொண்டு வளியை இறைத்து, அவ்வளியை வேறு நாட்டில் எரிக்க விற்பது. நார்வேயின் கணக்கேட்டில் மட்டும் புகை குறையும். 'பசுமை' என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்று எந்த அகரமுதலியிலும் காண முடியாது.

இதே பின்மார்க்கில்தான் 1902 ஆம் ஆண்டின் நிலச்சட்டம் நடைமுறையில் இருந்தது. நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்தவனுக்கே, அதை அன்றாடம் பயன்படுத்துபவனுக்கே, நிலம் விற்கப்படும் என்றது அச்சட்டம். மொழியைக் கொடு, மண்ணைத் தருகிறேன்! அதற்கு முன்பே, 1898 இல், பள்ளிகளில் சாமி மொழியின் இடம் மிகவும் ஒடுக்கப்பட்டுவிட்டது. மொழியைப் பறித்தவனும் மண்ணைப் பறிப்பவனும் வேறு வேறு ஆட்கள் அல்லர் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுமா?

ஆனால் அந்த இருளிலும் ஒருத்தி எழுந்தாள். எல்சா இலவுலா இரென்பேர்க்கு என்னும் தென்சாமிப் பெண். 'வாழ்வா சாவா' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1904 இல் ஒரு சிறுநூலை எழுதி வெளியிட்டாள். 1917 பிப்ரவரி 6 ஆம் நாள் திராண்டெய்மில், போசனுக்கு எதிர்க்கரையில், நாட்டெல்லை கடந்து சாமியர் ஒன்றுகூடிய முதல் மாநாட்டை முன்னின்று நடத்தினாள். அந்நாளே இன்று சாமியரின் இனத்திருநாள். மான்மேய்ச்சல் நிலத்தின் உரிமையே அம்மாநாட்டில் பேசப்பட்ட தலையாய பொருள்களுள் ஒன்று. நூறாண்டு கழிந்தும் அவள் வழியினர் அதே பேச்சைப் பேசிக் கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அல்தா ஆற்றின் போராட்டமும் இங்கு நினைக்கத் தக்கது. நீர்மின்னாற்றலும் 'தீராத ஆற்றல்' தானே! அல்தாவில் அணை கட்டும் முதல் திட்டப்படி மாசே என்னும் சாமி ஊரே நீரில் மூழ்கியிருக்கும். எதிர்ப்பினால் திட்டம் சுருங்கியது; கைவிடப்படவில்லை. 1979 இல் சாமி இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் முன் கூடாரமிட்டு உண்ணா நோன்பிருந்தனர். 1981 சனவரியில் ஏறத்தாழ 600 காவலர் சென்று, தம்மைச் சங்கிலியால் பிணைத்துக் கொண்டு கிடந்தவர்களை அப்புறப்படுத்தினர். 1982 இல் அறமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அணை எழுந்தது. ஆனால் அந்தத் தோல்வியின் வெப்பத்தில்தான் சாமிச் சட்டமும், 1989 இல் சாமி நாடாளுமன்றமும் பிறந்தன. அல்தாவில் வழக்கில் தோற்றுச் சில உரிமைகளை வென்றனர். போசனில் வழக்கில் வென்றும் மலையைப் பெறவில்லை. எது கொடிது என்பதை வழக்கறிஞர்கள் தீர்மானிக்கட்டும்.

மன்னிப்புக்கு மட்டும் நார்வேயில் பஞ்சமில்லை. 1997 இல் மன்னர் கேட்டார். 2023 மார்ச்சில், வாயில்கள் மறிக்கப்பட்ட பின், ஆற்றல் அமைச்சர் கேட்டார். 2024 நவம்பரில் நாடாளுமன்றமே கேட்டது. மன்னிப்புக் கேட்ட வாய் மூடியதும் காற்றாலையின் அலகு ஓசை மீண்டும் கேட்கத் தொடங்கிவிடுகிறது!

முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. 2023 திசம்பரில் தென்போசன் மேய்ப்பர் குடியினரும், 2024 மார்ச்சில் வடபோசன் குடியினரும் கையெழுத்திட்டனர். தென்போசன் குடியினர்க்கு ஆண்டுதோறும் 70 இலக்கம் குரோனர் தருவதாகவும், போசனுக்கு வெளியே குளிர்கால மேய்நிலம் தேடித் தருவதாகவும் ஒப்புக் கொள்ளப்பட்டது. இதைக் கண்டதும், 'பார்த்தீர்களா, காசுக்குத்தான் இத்தனைக் கூச்சல்' என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏளனம் செய்பவன், மந்தையை மேய்த்துக் கொண்டே பத்தாண்டுகளுக்கு மேலாக ஓர் அரசோடும் அதன் மின்குழுமத்தோடும் மன்றம் மன்றமாக ஏறி இறங்கிப் பார்க்கட்டும். உச்ச அறமன்றத்தின் தீர்ப்பையே செயற்படுத்தாத அரசிடம் ஒருசில குடும்பங்கள் வேறு எதைப் பெற்றிருக்க முடியும்? கையெழுத்திட்டவர்களைக் குறை கூறுவது, வழிப்பறிக்காரனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனைக் கேள்வி கேட்பதாகும். தேடித் தருவதாகச் சொல்லும் மேய்நிலம் இன்னொரு சாமிக் குடியின் மேய்நிலமாக இருந்துவிடக் கூடாதே என்பதுதான் உண்மையான கவலை.

அவ்வுடன்பாட்டில் காசினும் மேலான ஒன்றை அவர்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். சுதூரெய்யா உரிமத்தின் காலம் 2045 இல் முடிகிறது. அதற்குப் பின் அங்கே காற்றாலை தொடர வேண்டுமானால் தென்போசன் குடியினரின் இசைவைக் கேட்டாக வேண்டும். அவர்கள் மறுத்தால் தொடர முடியாது. 2010 இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கேட்கப் போகிறார்கள். அதைத் தென்சாமி மொழியில் கேட்பார்களா, நார்வே மொழியில் கேட்பார்களா என்பது உடன்பாட்டில் எழுதப்படவில்லை.